காலிமுகத்திடலில் ஓரிரவு

1983 ஆம் ஆண்டுக் கலவரத்தின்போது கைக்குழந்தையாய்க் கொழும்பை நீங்கிய எம் தோழர், சென்ற விடுமுறையில் கனடாவிலிருந்து அன்னையாருடன் வந்திருந்தார். புறக்கோட்டையின் செந்நிறப் பள்ளிவாசலையும், 2022 இல் மக்களுக்குத் திறக்கப்பட்ட தாமரைக் கோபுரத்தையும் காட்டினோம். "சிங்களம் மறந்துபோச்சு" என்பதன்றி அன்னையார் பகல் முழுதும் வேறொன்றும் பேசினாரில்லை.

பொழுதுபட்டபின் காலிமுகத்திடற் கடைகளுக்கு அழைத்துச் சென்றோம். கொத்துரொட்டியின் தாளமும் இறால்வடையின் மணமும் கடற்காற்றிற் கலந்திருந்தன. 1859 இல் நிறைவுற்ற அத்திடலின் உலாவுபாதையைப் பெண்டிர், குழந்தைகளின் நலங்கருதிப் பேணுமாறு தேசாதிபதி ஹென்றி வார்ட் தமக்குப் பின்வருவோரை வேண்டிய கல்வெட்டு அங்குண்டு. அதனை விளக்கினோம்.

"உன்னைத் தூக்கிக்கொண்டு இஞ்சைதான் காற்று வாங்க வாறனான்" என்று மகனிடம் கூறிய அன்னையார், வடைக்காரரிடம் சிங்களத்திலேயே விலை கேட்டார். யாம் வியந்து நோக்கினோம்.

"நாளைக்கும் வருவமே, தம்பி?" என்றார்.

மறுநாளும் சென்றோம்.