குறையறிந்து கூட்டல்

நுழையும்முன்

பழைய கணினியைப் புதுப்பிக்க விரும்பும் ஒருவர் முதலில் எதை வாங்க வேண்டும்? இவ்வினாவிற்குக் கடைக்காரர் ஒரு விடை சொல்வார். நண்பர் வேறொரு விடை சொல்வார். சரியான விடையோ அந்தக் கணினிக்குள்ளேயே இருக்கிறது. அதைத் தேடிக் கண்டடைந்த மாணவன் ஒருவனின் முயற்சியை அருகிருந்து கண்ட ஆசிரியரின் பதிவு இது.

தமிழ்நாட்டு இல்லங்களுக்குள் கணினி நுழைந்த வரலாற்றில் 2011ஆம் ஆண்டிற்குத் தனியிடம் உண்டு. அவ்வாண்டு செப்டம்பர் 15ஆம் நாள், அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவிபெறும் பள்ளிகளிலும் பயிலும் மேல்நிலை மாணவர்க்கு விலையில்லா மடிக்கணினி வழங்கும் திட்டம் தொடங்கப்பட்டது. அதுவரை பிரௌசிங் சென்டரில் மணிக்கு இவ்வளவு எனக் கட்டணம் கொடுத்துக் கணினியைத் தொட்டவர்கள், தம் வீட்டுத் திண்ணையிலேயே அதைத் திறந்து வைத்தார்கள். திருவண்ணாமலையில் பூக்கட்டுவோர் வீட்டிலும் தேநீர்க் கடை நடத்துவோர் வீட்டிலும் கணினி ஒரு வீட்டுப்பொருளானது. அக்கா பயன்படுத்திய மடிக்கணினியில் தட்டச்சு பழகி, பாட்டு கேட்டு, விளையாடி வளர்ந்த தம்பி தங்கையர் பலர் என் வகுப்பறைக்கு வந்திருக்கிறார்கள். அவர்களுள் ஒருவனைப் பற்றியே இங்கு எழுதுகிறேன்.

அவனுடைய தந்தை ஆட்டோ ஓட்டுநர். பௌர்ணமி நாள்களில் கிரிவலம் வரும் அன்பர்களால் ஊர் நிறையும்போது அவருக்கு ஓய்விராது. மகனும் விடுமுறை நாள்களில் சிற்றுண்டிக் கடையொன்றில் வேலை செய்தான். கார்த்திகைத் தீபத் திருவிழாவிலும் அடுத்து வந்த பௌர்ணமி இரவுகளிலும் உழைத்து 8,000 ரூபாய் சேர்த்திருந்தான். அக்கா மடிக்கணினியுடன் கல்லூரி விடுதிக்குச் சென்றுவிட்டதால், அலுவலகமொன்று கழித்துவிட்ட மேசைக்கணினியைத் தாய்மாமா அவனுக்கு வாங்கிக் கொடுத்திருந்தார். அதில் நான்காம் தலைமுறை ஐ5 மையச்செயலகம் இருந்தது. கடைத்தெருவில் ‘ரேம்’ என வழங்கும் முதன்மை நினைவகம் ஒரே பலகையாக 4 ஜி.பி. அளவில் இருந்தது. ‘ஹார்டு டிஸ்க்’ எனப்படும் சுழலும் வன்தட்டின் கொள்ளளவு 500 ஜி.பி. தனியான கிராபிக்ஸ் கார்டு இல்லை. கணினி விழித்தெழவே நான்கு நிமிடங்கள் ஆயின. விளையாட்டைத் திறந்தால், திரையில் ஓடவேண்டிய உருவங்கள் நின்று நின்று நகர்ந்தன.

2023ஆம் ஆண்டுக் கோடையில் அவன் கடையொன்றில் வழி கேட்டான். “இதைப் பழைய விலைக்குத் தள்ளிவிடு; 45,000 ரூபாய்க்குப் புதியது தருகிறேன். இப்போது 8,000 கொடு, மீதியை மாதத் தவணையில் அப்பா கட்டட்டும்” என்றார் கடைக்காரர். மறுநாள் தந்தையும் மகனும் என்னைப் பார்க்க வந்தார்கள்.

“ஐயா, ஓட்டுகிற ஆட்டோவுக்கே இன்னும் தவணை முடியவில்லை. விளையாட்டுக்கும் ஒரு தவணையா? நீங்களே சொல்லுங்கள்” என்றார் தந்தை.

மகன் தலைகுனிந்தபடி, “நண்பர்கள் எல்லாரும் சேர்ந்து விளையாடுகிறார்கள், ஐயா. நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருக்கிறேன்” என்றான்.

இருவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. தமிழாசிரியனாகிய நான் தீர்ப்புச் சொல்லவில்லை. எங்கள் பள்ளியின் கணினி அறிவியல் ஆசிரியையிடம் அவர்களை அழைத்துச் சென்றேன். அவர் கேட்டது ஒரே வினா: “தம்பி, உன் கணினியில் எந்த உறுப்பு பின்தங்குகிறது?” அவனிடம் விடை இல்லை. “அப்படியானால் இன்று எதையும் வாங்காதே. முதலில் அளந்து பார்” என்றார்.

விண்டோஸ் கணினியிலுள்ள ‘டாஸ்க் மேனேஜர்’ என்னும் பகுதி, ஒவ்வோர் உறுப்பும் எத்தனை விழுக்காடு வேலை செய்கிறது என்பதைக் காட்டும். மூன்று இரவுகள் அவன் அதைப் பார்த்துக் குறிப்பேட்டில் எழுதினான். மையச்செயலகம் 30 விழுக்காடு, நினைவகம் 95, வன்தட்டு 100. கடைக்காரர் ‘பழையது’ என்று ஒதுக்கிய மையச்செயலகம், உண்மையில் பெரும்பாலான நேரம் வேலையின்றிக் காத்திருந்தது.

திருமண வீட்டுச் சமையற்கூடத்தை எண்ணிப் பாருங்கள். மையச்செயலகம் சமையற்காரர்; நினைவகம் அவர் முன்னுள்ள மேடை; வன்தட்டு பண்டங்கள் வைத்திருக்கும் அறை. அந்த அறையிலிருந்து அரிசியும் பருப்பும் கொண்டுவருபவர் மெல்ல நடப்பவராயின், எத்துணைக் கைதேர்ந்த சமையற்காரரும் கரண்டியுடன் காத்திருக்கத்தான் வேண்டும். மேடையும் சிறியதாயின், ஒன்றை எடுத்து உள்ளே வைத்துவிட்டே மற்றொன்றைக் கொண்டுவர வேண்டியிருக்கும். அங்கே இன்னும் விரைவான சமையற்காரரை அமர்த்துவதால் பந்தி விரைவில் தொடங்கிவிடாது.

இவ்வுண்மையை 1967இல் கணக்காக எடுத்துரைத்தவர் ஜீன் ஆம்டால் என்னும் அமெரிக்கக் கணினி வடிவமைப்பாளர். ஒரு பகுதியை மட்டும் விரைவுபடுத்தினால், மொத்த வேலையில் அப்பகுதிக்குள்ள பங்கின் அளவிற்கே பயன் கிட்டும் என்பது அவர் கருத்தின் சாரம். 10 நிமிட வேலையொன்றில் வன்தட்டிற்கு 8 நிமிடமும் மையச்செயலகத்திற்கு 2 நிமிடமும் ஆவதாகக் கொள்வோம். மையச்செயலகத்தை இருமடங்கு விரைவாக்கினால் 1 நிமிடமே மிச்சமாகும். வன்தட்டை நான்கு மடங்கு விரைவாக்கினால் 6 நிமிடம் மிச்சமாகும். எதற்குச் செலவிட வேண்டும் என்பதை இந்தச் சிறு கணக்கே சொல்லிவிடுகிறது.

அவன் முதலில் 256 ஜி.பி. எஸ்.எஸ்.டி. ஒன்றை 1,500 ரூபாய்க்கு வாங்கினான். சுழலும் தட்டோ நகரும் முள்ளோ இல்லாத சேமிப்பகம் அது. அடுத்து, பயன்படுத்திய 4 ஜி.பி. ரேம் பலகை ஒன்றை 600 ரூபாய்க்கு வாங்கி, முன்னிருந்ததற்கு இணையாகப் பொருத்தினான். இரு பலகைகளும் சேர்ந்தபோது நினைவகத்தின் அளவு கூடியதோடு, தரவு செல்லும் பாதையும் இரண்டானது. பெட்டியைத் திறந்தபோது உள்ளே தூசி பஞ்சுபோல் படிந்திருந்தது. வெப்பம் மிகுந்தால் மையச்செயலகம் தன்னைக் காத்துக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். எங்கள் ஊர்க் கோடையில் இஃது எளிதில் நேரக்கூடியது. தூசியை நீக்கி, 150 ரூபாய்க்கு வாங்கிய வெப்பக்கடத்திப் பசையை ஆசிரியையின் மேற்பார்வையில் புதிதாகத் தடவினான். இதுவரை செலவு 2,250 ரூபாய். நான்கு நிமிடங்களில் விழித்த கணினி அரை நிமிடத்திற்குள் விழித்தது.

விளையாட்டு மட்டும் இன்னும் தடுமாறியது. மீண்டும் அளந்தான். இம்முறை வன்தட்டிலோ நினைவகத்திலோ நெருக்கடி இல்லை. மையச்செயலகத்தோடு இணைந்த வரைகலைப் பகுதி 100 விழுக்காட்டைத் தொட்டு நின்றது. ஒரு தடையை நீக்கியதும் அடுத்த தடை வெளிப்பட்டது. “தேக்கம் இடம் மாறியிருக்கிறது, ஐயா” என்று என்னிடம் வந்து சொன்னான். அந்தச் சொல்லாட்சியைக் கேட்டு நான் மகிழ்ந்தேன்.

விளையாட்டிற்கு வரைகலை ஏன் இத்துணை இன்றியமையாதது? 1920 × 1080 என்னும் அளவுள்ள திரையில் 20,73,600 புள்ளிகள் உள்ளன. நொடிக்கு 60 முறை படம் மாறினால், ஒரு நொடியில் 12 கோடிக்கும் மேற்பட்ட புள்ளிகளுக்கு நிறம் கணித்தாக வேண்டும். ஒவ்வொரு கணக்கும் சிறியது, எண்ணிக்கையோ பெரிது. தீபத் திருவிழாவில் மகாரதத்தை வலிமை மிக்க நால்வர் இழுப்பதில்லை; பெருந்திரளான மக்கள் வடம்பிடித்து ஒருசேர இழுக்கிறார்கள். கிராபிக்ஸ் கார்டும் அவ்வாறே எண்ணற்ற சிறு கணக்கலகுகளை ஒருசேர இயக்குகிறது. விளையாட்டிற்கெனப் பிறந்த இவ்வாற்றல் விளையாட்டோடு நின்றுவிடவில்லை. படங்களை இனங்காண்பதில் 2012இல் பெரும் திருப்பத்தை உண்டாக்கிய ‘அலெக்ஸ்நெட்’ என்னும் செயற்கை நுண்ணறிவு அமைப்பு, விளையாட்டுக் கணினிகளுக்கென விற்கப்பட்ட இரண்டு ஜி.டி.எக்ஸ். 580 கார்டுகளைக் கொண்டே பயிற்றுவிக்கப்பட்டது.

கார்டு வாங்கும் முன் அவன் மின்வழங்கியின் மேல் ஒட்டியிருந்த சீட்டைப் படித்தான். அதன் திறன் 290 வாட். கார்டிற்கெனத் தனி மின்கம்பி அதில் இல்லை. தாய்ப்பலகையிலுள்ள கார்டு செருகும் இடம் தரக்கூடிய மின்திறன் 75 வாட். ஆகவே அந்த எல்லைக்குள் இயங்கும் கார்டையே தேட வேண்டும். மாமாவுடன் பேருந்தேறிச் சென்னை ரிச்சி தெருவிற்குச் சென்றான். “இதே விலைக்கு இதைவிடப் பெரிய கார்டு தருகிறேன்” என்றார் ஒரு வணிகர். அதற்கு 150 வாட் தேவை என்பதைப் படித்தறிந்து, வேண்டாமென்றான். தனி மின்கம்பி வேண்டாத ஜி.டி.எக்ஸ். 1050 டி.ஐ. கார்டு, பயன்படுத்தியது, 4,500 ரூபாய்க்குக் கிடைத்தது. கடையிலேயே அரைமணி நேரம் ஓட்டிப் பார்த்த பின்னரே பணம் கொடுத்தான்.

எங்கள் ஊர்க் கோபுரமும் எனக்கு இதையே நினைவூட்டுகிறது. 217 அடி உயர்ந்த பதினொரு நிலை இராசகோபுரம், கிருஷ்ணதேவராயரால் தொடங்கப்பெற்றுத் தஞ்சை நாயக்கர் சேவப்பரால் நிறைவுற்றது. பின்வந்தோர் முன்னிருந்ததை இடிக்காமல், அதனோடு தம் பங்கைச் சேர்த்தனர். கீழே கருங்கல்லும் மேலே செங்கல்லும் சுதையுமாக, அடித்தளம் தாங்கும் சுமையறிந்தே உயரம் அமைந்தது.

மொத்தச் செலவு 6,750 ரூபாய். மீதி 1,250 ரூபாயை மகன் தந்தையிடம் நீட்டினான். அவர் வாங்கவில்லை. “மின்சாரம் திடீரென்று போனால் கெட்டுவிடப் போகிறது. இன்னும் கொஞ்சம் சேர்த்து ஒரு யு.பி.எஸ். வாங்கிக்கொள்” என்றார். இரவு பத்து மணிக்குமேல் விளையாட்டு கூடாது என்ற ஒரு நிபந்தனையை மட்டும் விதித்தார். அதை மகன் ஏற்றுக்கொண்டான். சில நாள்கள் மீறியும் இருக்கிறான் என்று தந்தையே சிரித்தபடி சொன்னார்.

மேம்படுத்தலுக்கும் ஓர் எல்லை உண்டு. விண்டோஸ் 10 இயங்குதளத்திற்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிவுற்றது. அடுத்த பதிப்போ இன்டெல் மையச்செயலகங்களில் பெரும்பாலும் எட்டாம் தலைமுறை முதலானவற்றையே முறைப்படி ஏற்கிறது. அவனுடைய கணினி நான்காம் தலைமுறையைச் சேர்ந்தது. இப்போது கல்லூரியில் பயிலும் அவன், அதில் லினக்ஸ் இயங்குதளத்தை நிறுவியிருக்கிறான். சில விளையாட்டுகள் அதில் ஓடுகின்றன, சில ஓடுவதில்லை. தெருவிலுள்ள பழைய மடிக்கணினிகளுக்கு எஸ்.எஸ்.டி. பொருத்தித் தருவதும் அவனது விடுமுறை வேலையாகியிருக்கிறது. யார் எந்தக் கணினியைக் கொண்டுவந்தாலும் அவன் உடனே திருப்புளியை எடுப்பதில்லை. குறிப்பேட்டைத்தான் முதலில் திறக்கிறான்.

மாணவர்களே, உங்கள் கணினி மெதுவாக இயங்குகிறது என்று தோன்றினால், விலைப்பட்டியலைப் பார்ப்பதற்குமுன் மூன்று இரவுகள் அளந்து பாருங்கள். எந்த உறுப்பு பின்தங்குகிறது என்று அறிந்தவருக்குச் சிறுதொகையும் போதுமானதாகும். அறியாதவருக்குப் பெருந்தொகையும் போதாது.