மூக்கு இல்லாத சிற்பத்தில் எதைச் சரிபார்ப்பது?

திங்கள்

மாலைச் சிற்ப வகுப்பில் இன்று களிமண் வாளியையே திறக்கவில்லை. அட்டை, கத்தரிக்கோல், ஃபெவிகால், அவ்வளவுதான். ஒரே அளவில் இரண்டு கனசதுரம் செய்யச் சொன்னார் சார். முதலாவது ஆறு பக்கமும் மூடியது. இரண்டாவதில் பக்கச் சுவர் கிடையாது. மூலைக்கு மூலை குறுக்காகச் செருகிய இரண்டு அட்டைகள்தாம் மேல்தட்டைத் தாங்குகின்றன. ரஷ்யாவில் பிறந்த சிற்பி நாவும் காபோ 1930 வாக்கில் செய்துகாட்டிய பாடமாம் இது. மூடியதில் கனம் தெரிகிறது. திறந்ததில் இடம் தெரிகிறது. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால் திறந்ததுதான் பெரிதாகத் தோன்றுகிறது. கல், மண், உலோகம் மட்டுமல்ல, நடுவில் விடும் வெற்றிடமும் சிற்பிக்கு மூலப்பொருள்தான் போலிருக்கிறது.

புதன்

களிமண்ணில் முகம் செய்தபோது கோளாறு உடனே கண்ணில் படும். காது மேலே ஏறியிருக்கும், மூக்கு கோணியிருக்கும். எதையும் போல இல்லாத ஒன்றைச் செய்தால் சரி, தப்பு என்று எதை வைத்துச் சொல்வது? சாரிடமே கேட்டுவிட்டேன்.

“சமநிலை, விகிதம், லயம், முரண் எல்லாம் அதுக்குத்தான் இருக்கு. சட்டம்னு எடுத்துக்காதீங்க. கேள்வின்னு வெச்சுக்கோங்க” என்றார்.

கட்டுக்கம்பியும் கொறடும் கையில் கொடுத்தார். கம்பியை ஒரே சீராக வளைத்தால் கண் அதன்மேல் வழுக்கிக்கொண்டு போய்விடுகிறது. ஓரிடத்தில் வெடுக்கென்று மடக்கினால் அங்கே நின்று, திரும்பிப் பார்த்துவிட்டுப் போகிறது. லயம் என்பது எங்கே ஓடவிடுவது, எங்கே நிறுத்துவது என்பதுதான்.

வெள்ளி

சிற்பி பிரான்குஷியின் வழக்கைப் படித்தேன். 1926இல் அவருடைய ‘வெளியில் பறவை’ கப்பலில் நியூயார்க் போய் இறங்கியது. பளபளவென்று மெருகேற்றிய வெண்கலம். சிறகு இல்லை, அலகு இல்லை. கலைப்படைப்பு என்றால் தீர்வை கிடையாது. சுங்க அதிகாரிகளோ சமையலறைச் சாமான், மருத்துவமனைக் கருவி வகையில் சேர்த்து 40 சதவீதம் தீட்டிவிட்டார்கள். வழக்கு நடந்தது. 1928இல் தீர்ப்பு சிற்பிக்குச் சாதகமாக வந்தது.

தீர்ப்பில் எனக்குப் பிடித்த இடம் ஒன்று உண்டு. இதைப் பறவையோடு தொடர்புபடுத்துவது கடினம்தான் என்று நீதிமன்றம் ஒப்புக்கொள்கிறது. ஆனாலும் வடிவம் சீராக இருக்கிறது, புறக்கோடு அழகாக இருக்கிறது, பார்க்க இதமாக இருக்கிறது என்கிறது. சாயலை வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாதபோது நீதிபதிகளும் புதன்கிழமை சார் சொன்ன இடத்துக்குத்தான் வந்து சேர்ந்திருக்கிறார்கள்.

ஞாயிறு

காலையில் மெரினா. உழைப்பாளர் சிலையில் பாறையை நெம்புகிற நான்கு பேரும் அச்சு அசல் மனித உருவங்கள். தேவி பிரசாத் ராய் சௌத்ரி செய்தது, 1959இல் திறந்தது. சார் சொல்லியிருந்தபடி கண்ணை இடுக்கிக்கொண்டு பார்த்தேன். தசையும் முகமும் மங்கிப்போய்ச் சாய்கோடுகள் மட்டும் மிஞ்சின. எல்லாம் பாறையை நோக்கியே பாய்கின்றன. நான்கு பேரை எடுத்துவிட்டு அந்தக் கோடுகளை மட்டும் நிறுத்தினாலும் நெம்புகிற வேகம் அப்படியே இருக்கும். உருவச் சிற்பத்துக்குள்ளேயே அருவச் சிற்பம் ஒன்று எலும்புக்கூடுபோல் இருக்கத்தான் செய்கிறது.

மதியம் ஈஞ்சம்பாக்கம். கே.சி.எஸ். பணிக்கர் முன்னின்று 1966இல் தொடங்கிய சோழமண்டலம் கலைஞர் கிராமம். ‘சிற்பம் என்றால் சுற்றிவந்து பார்க்க வேண்டும்’ என்று பாடம் படித்திருந்த எனக்கு இங்கே ஒரு சவால். சிற்பி நந்தகோபால் செம்பையும் பித்தளையையும் வெல்டிங் வைத்து எழுப்பிய உருவங்கள் நம்மைப் பார்த்து முகம் காட்டி நிற்பவை. அவருக்கு முன்பே இன்னொரு சிற்பி ஜானகிராம் தகட்டை அடித்துப் புடைத்து, மேலே கம்பியால் கோடு ஓட்டி, இந்த முன்முகப் பாணிக்கு வழி போட்டவர். கோயிலில் கவசம் சாத்திய சாமியை நேரே நின்று தரிசித்துப் பழகிய நமக்கு இது புதிதல்ல. எல்லாப் பக்கமும் பேச வேண்டும் என்பது ஒரு வகைச் சிற்பத்துக்கான கேள்வி. எல்லாச் சிற்பத்துக்கும் அல்ல.

செவ்வாய்

பிளாஸ்டர் ஆஃப் பாரிஸில் வார்த்த உருண்டையை உப்புத்தாளால் தேய்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் சொரசொரப்பான சிறு இரும்புத்துண்டு. ஒட்டி வைத்தால் உருண்டை அதை விழுங்கிவிடுகிறது. பலகையின் மறுகோடிக்குத் தள்ளினால் சின்னதும் பெரியதும் சரிநிகர் ஆகின்றன. எடை மாறவில்லை, தூரமும் முரணும் சேர்ந்து தராசைச் சரிக்கட்டுகின்றன.

அம்மா எட்டிப் பார்த்தாள். “இது என்னடி?”

“எங்கே வைக்கலாம்னு சொல்லும்மா.”

அலமாரியின் மேல்தட்டைக் காட்டினாள். அங்கே ஏற்றினால் பின்பக்கத்தை யாரும் பார்க்கப்போவதில்லை, வெளிச்சம் இடப்பக்க ஜன்னலிலிருந்து வரும், பார்க்கிற கண் கீழே இருக்கும். இரும்புத்துண்டைச் சற்று முன்னால் இழுக்க வேண்டும்; உருண்டையின் இடக்கன்னத்தைத் தட்டையாக்கினால் நிழல் விழ இடம் கிடைக்கும். அடுத்த வேலையை வடிவத்திலிருந்து தொடங்கப்போவதில்லை. எங்கே நிற்கப்போகிறது என்று முதலில் கேட்டுவிட்டால், எதைச் சரிபார்ப்பது என்ற கேள்விக்குப் பாதிப் பதில் வந்துவிடுகிறது.