ரோஸ் நிறப் பெட்டி

எண்ணூர் விரைவுச் சாலையில் துறைமுகத்துக்குப் போகிற கன்டெய்னர் லாரிகள் நகராமல் நிற்கின்றன. சாலையோர வீட்டு வாசலில், ஆட்டிசம் உள்ள பத்து வயதுப் பையன் குனிந்து தீப்பெட்டிகளை அடுக்குகிறான். ஒவ்வொன்றிலும் கிரேயான் வண்ணம். எதிரே நிற்கிற கன்டெய்னர்கள் எந்த நிறமோ அதே நிறம், அதே வரிசை. கன்டெய்னர் மேலிருக்கிற கப்பல் நிறுவனப் பெயரைப் பார்த்து, பச்சைக்கு "எவர்கிரீன்" என்கிறான். ஆரஞ்சுக்கு "ஹபாக் லாய்டு".

தங்கைக்கு ஆறு வயதிருக்கும். ரோஸ் நிறப் பெட்டியை எடுத்துக்கொண்டு ஓடுகிறாள்.

அலறல். அவள் தலைமுடி அவன் கையில். அந்நேரம் பார்த்து ஒரு லாரி ஏர்ஹாரன் அடிக்க, முடியை விட்டுவிட்டுக் காதைப் பொத்திக்கொண்டு தலையைச் சுவரில் மோதுகிறான்.

அம்மா ஓடி வருகிறார். யார் ஆரம்பித்தது என்று கேட்கவில்லை. சுவருக்கும் தலைக்கும் நடுவே உள்ளங்கையை வைக்கிறார். டிவியை அணைக்கச் சொல்லி உள்ளே சைகை காட்டுகிறார். அவனிடம் வாயே திறக்கவில்லை. அந்தச் சமயத்தில் புத்திமதியும் அவனுக்கு இன்னொரு இரைச்சல்தான்.

பக்கத்து வீட்டுக்காரம்மா சிறுமியை அதட்டுகிறார்: "அவன் அப்டித்தான்னு தெரியும்ல? நீ உட்டுக் குடேன்டி."

"எத்தினி வாட்டிக்கா அவளே உட்டுக் குடுப்பா? அவளும் கொயந்ததான?" என்கிறார் அம்மா.

கேட்கவேண்டிய கேள்வி. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஆட்டிசத்தைப் பட்டியலில் சேர்த்திருக்கிறது. அண்ணனுக்கு அடையாள அட்டை கிடைக்கும். நகரத்தின் மறுகோடியில் என்றாலும் முட்டுக்காட்டில் மாற்றுத்திறனாளிகளுக்கென ஒரு தேசிய நிறுவனம் இருக்கிறது. தங்கையின் வலியைச் சொல்ல வீட்டை விட்டால் வேறு இடம் கிடையாது. அந்த வீடும் "நீ விட்டுக்கொடு" என்றே சொல்லிக்கொண்டிருந்தால் அவள் எங்கே போவாள்?

அவன் மூச்சு சீராகிறது. அம்மா கயிற்றில் கோத்த பட அட்டைகளில் ஒன்றைப் பிரிக்கிறார். நீட்டிய கை வரைந்த அட்டை. முதலில் அவனுக்குக் காட்டுகிறார்: "முடி இழுக்கக் கூடாது. இதக் காட்டு." அடுத்து அவளுக்கு: "கேட்டு எடு." அவன் அட்டையை நீட்டுகிறான். பெட்டி வரிசைக்குத் திரும்புகிறது. மன்னிப்புக் கேட்கச் சொல்லி யாரும் யாரையும் நெருக்கவில்லை.

பிறகு மகளின் தலையைத் தடவி, "வலிக்குதா? வா, கடைக்குப் போலாம். நீயும் நானும் மட்டும்" என்கிறார்.

"எனக்கே எனக்குனு ரோஸ் பொட்டி. அவன் தொடக் கூடாது."

"தொட மாட்டான். உன் பேரு எயுதிடலாம்."

"ரெண்டு வேணும்" என்கிறாள் சிறுமி.