காளான் சாப்பிட்டா சரியாயிடுமா மச்சி?

ரொம்ப நாளாச்சு இந்தப் பக்கம் வந்து. ஆபீஸ்ல ஆணி ஜாஸ்தி, அப்புறம் சோம்பேறித்தனம், வழக்கமான காரணங்கள்தான். இன்னிக்கும் ஏதாவது மொக்கை போடலாம்னுதான் உக்காந்தேன். மனசுல ஓடறது வேற விஷயம். கொஞ்சம் நீளம், பொறுத்துக்குங்க மக்கா.

நான் பொட்டி தட்டுறது அமெரிக்காவுல, ஆரிகன் மாநிலத்துல. 2025 நவம்பர்ல ஒரு ராத்திரி பதினோரு மணிக்கு சென்னையிலேர்ந்து போன். காலேஜ் ஹாஸ்டல்ல நாலு வருஷம் ஒரே ரூம்ல இருந்தவன். பேரு வேண்டாமே. அங்க மதியம் பன்னிரண்டரை, அதுவும் வேலை நாள். இந்த நேரத்துல இவன் ஆபீஸ்ல இல்லாம என்ன பண்றான்னு அப்பவே தோணியிருக்கணும். தோணலை.

"மச்சி, உங்க ஊர்ல மேஜிக் மஷ்ரூம் லீகலாமே?"

சிரிச்சேன். அவன் சிரிக்கலை.

அப்புறம்தான் சொன்னான். ஆறு மாசமா டிப்ரஷனுக்கு மாத்திரை சாப்பிடறானாம். வீட்டுக்குத் தெரியாது. மாத்திரை வேலை செய்யலை, நிறுத்திடப் போறேன்னான். யாரோ ஒரு ஆள் யூட்யூப்ல, ஒரே ஒரு தடவை காளான், பத்து வருஷ மனபாரம் போச்சுன்னு பேசினாராம். கொடைக்கானல்ல கிடைக்குதாம், அடுத்த வாரம் ரெண்டு பேரோட கிளம்பறானாம். "கேரளா கோர்ட்டே காளான் வெறும் காளான்தான்னு சொல்லிடுச்சுடா" வேற.

எனக்கு என்ன சொல்றதுன்னு தெரியலை. "பத்து நாள் டைம் குடு, நான் படிச்சுட்டு சொல்றேன். அதுவரைக்கும் எங்கயும் போகாத, மாத்திரையை நிறுத்தாத"ன்னு மட்டும் சொன்னேன். இஞ்சினியர் புத்தி, எதுக்கும் முதல்ல டாக்குமென்டேஷன் படிக்கணும் :-)

படிச்சதுல முதல் ஆச்சரியம், இது ஹிப்பிங்க ஆரம்பிச்ச கதையே இல்லை. சுவிட்சர்லாந்துல பாசல் நகரத்து சாண்டோஸ் கம்பெனி வேதியியலாளர் ஆல்பர்ட் ஹாஃப்மன் 1938ல எல்.எஸ்.டி.யை உருவாக்கினார். 1943 ஏப்ரல்ல தானே சாப்பிட்டுப் பாத்துட்டு சைக்கிள்ல வீட்டுக்குப் போனார். மெக்சிகோ பழங்குடி மக்கள் சடங்குல சாப்பிடற காளான்லேர்ந்து சிலோசைபினைப் பிரிச்சு எடுத்ததும் அவர் தலைமையிலதான், 1958ல. ஐம்பதுகள்ல கனடாவுல ஹம்ஃப்ரி ஆஸ்மண்ட்ங்கற மனநல மருத்துவர் குடிநோயாளிகளுக்கு எல்.எஸ்.டி. குடுத்து சிகிச்சை பண்ணினார். 'சைக்கடெலிக்'ங்கற வார்த்தையே அவர் உண்டாக்கினதுதான்.

அப்புறம் அறுபதுகள். மருந்து ஆஸ்பத்திரியை விட்டுத் தெருவுக்கு வந்துச்சு. 1970ல அமெரிக்கா எல்.எஸ்.டி., சிலோசைபின் ரெண்டையும் முதல் அட்டவணையில போட்டது. அதுக்கு அர்த்தம் 'துஷ்பிரயோகத்துக்கு வாய்ப்பு அதிகம், அங்கீகரிக்கப்பட்ட மருத்துவப் பயன் இல்லை'. 1971ல ஐ.நா. உடன்படிக்கை. 1985ல எம்.டி.எம்.ஏ.வுக்கும் அங்க தடை. அதே 1985ல நம்ம ஊர் போதைப்பொருள் தடுப்புச் சட்டமும் வந்துச்சு. ஆராய்ச்சிக்குக் கிட்டத்தட்ட பூட்டுதான்.

பூட்டு மெதுவாத்தான் திறந்துச்சு. 2006ல ஜான்ஸ் ஹாப்கின்ஸ்ல ரோலண்ட் கிரிஃபித்ஸ் குழு சிலோசைபின் பத்தி ஒரு கட்டுரை வெளியிட்டாங்க. 2016ல அதே குழு புற்றுநோயோட மரண பயத்துல இருந்த 51 பேருக்குக் குடுத்துப் பாத்தாங்க. ஆறு மாசம் கழிச்சும் சுமார் 80 சதவீதம் பேருக்கு மனச்சோர்வும் பதற்றமும் கணிசமா குறைஞ்சிருந்தது. இதைப் படிச்சப்போ எனக்கே 'அட, நம்மாளு சொல்றது சரிதானோ'ன்னு ஆயிடுச்சு.

ஆனா யூட்யூப் ஆசாமி ஒண்ணை விட்டுட்டார். இது காளான் சாப்பிட்ட கதை இல்லை. காளான் அதுல ஒரு பகுதி. முதல்ல சில நாள் தெரபிஸ்டோட உக்காந்து பேசணும், உன் கதை என்ன, உன் பயம் என்னன்னு. மருந்து நாள்ல அளந்து வெச்ச டோஸ், கண்ணுக்குக் கட்டு, மெதுவா இசை, பக்கத்துல பயிற்சி எடுத்தவங்க ரெண்டு பேர், ஆறேழு மணி நேரம். அன்னிக்கு அழலாம், அலறலாம், செத்துப்போன அப்பாவோட பேசலாம். அதுக்கப்புறமும் திரும்பத் திரும்ப உக்காந்து, வந்ததையெல்லாம் வாழ்க்கையோட கோத்துப் பேசணும். மருந்து கதவைத் திறக்குது. உள்ள போய் வீட்டை ஒழுங்குபண்றது மத்த நாட்கள்ல நடக்கற வேலை.

எப்படி வேலை செய்யுது? மூளையில செரடோனினுக்கான ஒரு வகை ஏற்பி இருக்கு, 5எச்டி2ஏன்னு பேரு. சிலோசைபின் உடம்புக்குள்ள போய் சிலோசினா மாறி அதைத் தூண்டுது. 'நான், எனக்கு, ஏன் எனக்கு மட்டும்'னு சும்மா இருக்கும்போது சுத்திட்டே இருக்குமே ஒரு மூளை வலைப்பின்னல், அதோட பிடி கொஞ்ச நேரம் தளருதுன்னு ஸ்கேன்ல பாத்திருக்காங்க. ஒரே லூப்ல மாட்டின புரோகிராமுக்கு ஒரு பிரேக் கிடைச்ச மாதிரின்னு நான் புரிஞ்சுக்கிட்டேன். மூளை கம்ப்யூட்டர் இல்லைதான், டாக்டருங்க அடிக்க வராதீங்க.

சரி, ரிசல்ட் எப்படி? இங்கதான் சிக்கல். போர்க்கள நினைவு, பாலியல் வன்முறை மாதிரி அதிர்ச்சியிலேர்ந்து மீள முடியாதவங்களுக்கு எம்.டி.எம்.ஏ.வோட தெரபி குடுத்த ஒரு மூணாம் கட்ட சோதனை முடிவு 2021ல வந்துச்சு. மருந்து குடுத்தவங்கள்ல 67 சதவீதம் பேர், வெறும் தெரபியோட போலி மாத்திரை குடுத்தவங்கள்ல 32 சதவீதம் பேர், அந்த நோய்க்கான வரையறையிலேர்ந்து வெளிய வந்துட்டாங்க. எல்லாரும் கொண்டாடினாங்க. 2024 ஆகஸ்ட்ல எஃப்.டி.ஏ. அனுமதி தர மறுத்து, இன்னொரு பெரிய சோதனை பண்ணிட்டு வாங்கன்னுடுச்சு.

ஏன்னு பாத்தா, டெஸ்டிங் தெரிஞ்ச எவனுக்கும் புரியற காரணம். யாருக்கு மருந்து, யாருக்குப் போலின்னு தெரியாம இருந்தாத்தானே ஒப்பிட முடியும்? இதை முழுங்கினவனுக்கு ஒரு மணி நேரத்துல தெரிஞ்சுடும்! போலி கிடைச்சவன் ஏமாந்துபோய் உக்காந்திருப்பான், அவன் ஸ்கோர் அதுலயே அடி வாங்கும். இன்னொண்ணு, முந்தைய ஒரு சோதனையில தெரபிஸ்டே நோயாளிகிட்ட எல்லை மீறினது வெளிய வந்துச்சு. அந்த மருந்துல மனசு முழுக்கத் திறந்து கிடக்கும்போது பக்கத்துல தப்பான ஆள் இருந்தா? இதைப் படிச்சுட்டு அன்னிக்கு ராத்திரி எனக்குத் தூக்கமே வரலை. கொடைக்கானல்ல இவன் பக்கத்துல யார் இருப்பா?

சிலோசைபின் பக்கமும் ஆரவாரம் அடங்கித்தான் இருந்தது. மாத்திரைக்கு மசியாத மனச்சோர்வுக்கான முதல் மூணாம் கட்ட சோதனை 2025 ஜூன்ல வந்தப்போ, போலி மருந்தைவிட வித்தியாசம் இருந்தது, ஆனா 60 புள்ளி அளவுகோல்ல 3.6 புள்ளிதான்.

சட்டம்? ஆரிகன்ல 2020ல மக்கள் ஓட்டுப் போட்டு, 2023லேர்ந்து சிலோசைபின் மையங்கள் நடக்குது. கடையில வாங்கி வீட்டுக்கு எடுத்துட்டுப் போக முடியாது. 21 வயசு ஆகியிருக்கணும், மையத்துலயே சாப்பிடணும், உரிமம் வாங்கினவர் கூட இருக்கணும். அவர் டாக்டரா இருக்கணும்னு இல்லை. செலவு பெரும்பாலும் ஆயிரம் டாலருக்கு மேல. மாநிலம் சரின்னாலும் மத்திய சட்டம் ஒத்துக்கலை. என்னை மாதிரி விசாவுல இருக்கறவன் அந்தப் பக்கம் தலைவெச்சுப் படுத்தா மூட்டை கட்டவேண்டியதுதான். கொலராடோ 2022ல அதே வழியில வந்துச்சு. ஆஸ்திரேலியா 2023 ஜூலை 1 முதல் வேற மாதிரி, தனி அனுமதி வாங்கின மனநல மருத்துவர் மட்டும் எழுதித் தரலாம்.

நம்ம ஊர்ல சிலோசைபின், எல்.எஸ்.டி., எம்.டி.எம்.ஏ. எல்லாமே போதைப்பொருள் சட்டத்துப் பட்டியல்ல இருக்கு. எல்.எஸ்.டி. 0.1 கிராமுக்கு மேல இருந்தாலே வணிக அளவு, குறைஞ்சது பத்து வருஷம் உள்ள. கேரளா உயர் நீதிமன்றம் 2025 ஜனவரியில சொன்னது ஒரு ஜாமீன் வழக்குல. காளானோட மொத்த எடையைப் போதைப்பொருள் எடையா கணக்குப் போடறது பத்தினது அது. சிலோசைபினைச் சட்டபூர்வமாக்கலை.

இதையெல்லாம் அழகா எக்செல் மாதிரி நோட்ஸ் எடுத்து வெச்சிருந்தேன். கடைசியில உதவினது ஒரே ஒரு வரி. இந்தச் சோதனைகள்ல யாரைச் சேக்க மாட்டாங்கங்கற பட்டியல். தனக்கோ நெருங்கின ரத்த சொந்தத்துலயோ மனச்சிதைவு, பைபோலார் மாதிரி நோய் இருந்தா பொதுவா சேக்க மாட்டாங்க. உள்ள தூங்கிட்டிருக்கற நோயை இது எழுப்பிவிடலாம்னு பயம்.

எனக்குச் சட்டுன்னு அவன் மாமா ஞாபகம் வந்தார். மூணாம் வருஷம் பொங்கலுக்கு கும்பகோணம் பக்கத்துல அவன் ஊருக்குப் போயிருந்தப்போ பாத்தது. அவங்கம்மாவோட தம்பி. திண்ணையில உக்காந்து நாள் பூரா தனக்குத்தானே பேசிட்டிருப்பார். 'சாமியார் மாமா'ன்னு கூப்பிடுவாங்க. நாங்களும் சிரிச்சிருக்கோம்.

போன் பண்ணினேன். நோட்ஸ் எதையும் படிக்கலை. "டேய், உங்க சாமியார் மாமாவுக்கு என்னடா பிரச்சனை?"ன்னு மட்டும் கேட்டேன். ரொம்ப நேரம் சத்தமே இல்லை. "டாக்டர் கேட்டார்டா, குடும்பத்துல யாருக்காவது இருக்கான்னு. இல்லைன்னுட்டேன்"னான்.

கோபம் வரலை. நாமெல்லாம் ஒருத்தனைக் கலாய்க்கணும்னா 'கீழ்ப்பாக்கம் கேஸு'ன்னு சொல்லியே வளர்ந்தவங்கதானே. அங்க இருக்கறது 1794லேர்ந்து நடக்கற ஆஸ்பத்திரி. நமக்கு அது ஒரு வசவு. அப்புறம் எப்படி ஒருத்தன் டாக்டர்கிட்ட மாமாவைப் பத்திச் சொல்லுவான்?

அடுத்த வாரம் அவன் கொடைக்கானலுக்குப் போகலை, டாக்டர்கிட்ட போனான். மாமா விஷயத்தைச் சொன்னான். மருந்தை மாத்தியிருக்கார், வாரம் ஒரு தெரபியும் சேத்திருக்கார். அவங்கம்மாகிட்டயும் சொல்லிட்டான். அம்மா அழுதுட்டு, "என் தம்பியையும் அப்பவே காட்டியிருக்கலாம்டா"ன்னாங்களாம்.

பூரா சரியாயிட்டான்னு பொய் சொல்ல மாட்டேன். சில நாள் போனை எடுக்கவே மாட்டான். எடுக்கற நாள்ல பழையபடி என்னைத் திட்டறான், அதுவரைக்கும் சந்தோஷம். "காளானுக்கு அனுமதி வந்தா எனக்குத்தான்டா முதல் டோக்கன்"னு போன வாரம் சொன்னான். உனக்குக் கிடையாதுடா, மாமா இருக்கார்னேன். ரெண்டு பேரும் சிரிச்சோம்.

டிஸ்கி 1: நான் டாக்டர் இல்லை. இதைப் படிச்சுட்டு யாரும் மாத்திரையை நிறுத்தவும் வேணாம், ஆரம்பிக்கவும் வேணாம்.

டிஸ்கி 2: பேச ஆள் வேணும்னா மத்திய அரசோட டெலி மானஸ் எண் 14416. தமிழ்லயே பேசலாம். அவன்கிட்ட சொல்லிட்டுத்தான் இதை எழுதினேன். "என் பேரைப் போடாத, ஆனா எழுது"ன்னான்.