ஆயிரத்தில் பத்துப் பங்கு

"ஆயிரம் ஆனாலும் மாயூரம் ஆகுமா?" என்று ஒரு பழமொழி உண்டல்லவா? மாயூரத்துக்காரர்கள் யாரைச் சந்தித்தாலும் இதைச் சொல்லிக் காட்டாமல் விடமாட்டார்கள். 1982-ல் ஊருக்கு மயிலாடுதுறை என்று பெயர் வைத்தாயிற்று. 2020-ல் அது தனி மாவட்டத்துக்கே தலைநகரமும் ஆகிவிட்டது. ஆனால் என் அத்தைக்கு அது இன்னும் மாயவரம்தான். ஆயிரம் என்பது பெரிய எண் என்று நான் நினைத்திருந்தேன். ஆயிரத்தில் பத்துப் பங்கு என்பது அதைவிடப் பெரிய சமாசாரம் என்று போன ஐப்பசியில் அங்கே தெரிந்துகொண்டேன். கேளுங்கள்!

ஐப்பசி மாதம் முழுவதும் அந்த ஊரில் காவிரி ஸ்நானம் விசேஷம். கங்கை முதலான புண்ணிய நதிகளே துலாக் கட்டத்துக்கு வந்து நீராடித் தங்கள் பாவச் சுமையைக் கழித்துக்கொள்வதாக ஐதீகம். மாதத்தின் கடைசி நாளுக்குக் கடைமுகம் என்று பெயர். அன்று அத்தையைத் துலாக் கட்டத்துக்கு அழைத்துப் போகத்தான் நான் சென்னையிலிருந்து ரயிலேறினேன். அத்தைக்கு எண்பத்திரண்டு வயது. "போனால் மாமாவின் காரில்தான் போவேன்" என்று ஒரே பிடிவாதம்.

மாமாவின் கார் ஸ்டாண்டர்டு ஹெரால்டு. நம் வண்டலூரில் 1961 முதல் தயாரான வண்டி. பிடித்துத் தூக்கினால் விளக்கு, மட்கார்டு எல்லாவற்றோடும் பானெட் முழுவதும் முன்னால் சாய்ந்து, என்ஜின் அப்படியே வெளியே தெரியும். இருபத்தைந்தடி அகலம் இருந்தால் வட்டமடித்துத் திரும்பிவிடும். மாயவரத்துச் சந்துகளுக்கென்றே செய்தாற்போல் இருக்கும்! மாமா காலமான பிறகு பல வருஷம் மாட்டுக் கொட்டகையில் கிடந்த அதை, அத்தான் வெளியே எடுத்து, என்ஜினைப் பிரித்து, போர் செய்து, புதுப் பிஸ்டனும் புது வால்வுகளும் போட்டு உயிர் கொடுத்திருந்தார். எண்ணூறு கிலோமீட்டர் ஓடியும் விட்டது.

கடைமுகத்தன்று காலையில் அத்தான் கும்பகோணம் வரை போய்ப் பதினொரு மணிக்குத் திரும்பினார். "பார், சத்தமே இல்லை!" என்று அவருக்கு ஒரே பெருமை. வண்டியைப் பார்க்க வந்திருந்த மேஸ்திரி மட்டும் காதைத் தீட்டிக்கொண்டு முகத்தைச் சுளித்தார்.

"சத்தம் இல்லை, அதுதான் தப்பு. நிற்கும்போது உதறுகிறது, பாருங்கள். இன்றைக்கு இந்த வண்டி எங்கேயும் போகக் கூடாது."

"துலாக் கட்டம் வரைக்குமாவது?" என்றேன்.

"திருவிழாக் கூட்டத்தில் ஊர்ந்து ஊர்ந்து போனால் இன்னும் சூடேறும் அம்மா. புது வால்வு எரிந்து போகும். ராத்திரி முழுக்க ஆறட்டும். காலையில் டாப்பெட் பார்க்கிறேன்."

அத்தை ஒன்றும் பேசவில்லை. உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள். ஆட்டோவுக்கும் வர மாட்டேன் என்றுவிட்டாள். அன்று மத்தியானம் அந்த வீட்டில் யாருக்கும் சாப்பாடு இறங்கவில்லை.

மறுநாள் விடியற்காலையில் மேஸ்திரி வந்துவிட்டார். டாப்பெட் என்றால் என்ன என்று உங்களைப் போலவே நானும் கேட்டேன். என்ஜினுக்குள் எட்டு வால்வுகள். எட்டும் எட்டுக் கதவுகள். பெட்ரோல் காற்று உள்ளே வர நாலு, புகை வெளியே போக நாலு. என்ஜின் நிமிஷத்துக்கு மூவாயிரம் சுற்றுச் சுற்றினால் ஒவ்வொரு கதவும் வினாடிக்கு இருபத்தைந்து தரம் திறந்து மூடும். ஒவ்வொன்றையும் அழுத்தித் திறக்க ஒரு ராக்கர் உண்டு. அந்த ராக்கருக்கும் வால்வுக் காம்புக்கும் நடுவே ஆயிரத்தில் பத்துப் பங்கு அங்குலம் இடைவெளி வேண்டும். கால் மில்லிமீட்டர், மூன்று நான்கு தலைமுடிக் கனம்!

சூட்டில் இரும்பு நீளும். இடைவெளி இருந்தால் நீண்ட பிறகும் கதவு நன்றாக மூடும். இல்லாவிட்டால் கதவு ஒருக்களித்தபடியே நிற்கும்; நெருப்பு அந்தச் சந்து வழியே பாய்ந்து வால்வின் விளிம்பைத் தின்றுவிடும். இடைவெளி அதிகமானால் 'டக் டக்' என்று சத்தம் போடும். "சத்தம் போடுகிற வால்வு எச்சரிக்கை கொடுக்கும். சத்தமே போடாத வால்வுதான் சொல்லாமல் எரியும்" என்றார் மேஸ்திரி. புது என்ஜினில் கேஸ்கெட் படியும். அதனால் ஹெட்டை மறுபடி முடுக்கி, டாப்பெட்டும் பார்த்தாக வேண்டுமாம்.

ஹெட்டை முடுக்கியதும் பிளக்குகளைக் கழற்றி, வண்டியை நாலாவது கியரில் போட்டு, எங்களைத் தள்ளச் சொன்னார். நானும் புடைவையை இழுத்துச் செருகிக்கொண்டு தெருவில் கார் தள்ளினேன்! "கூட்டினால் ஒன்பது வர வேண்டும்" என்றார். எட்டாம் வால்வு முழுக்கத் திறந்திருக்கும்போது ஒன்றாவதைப் பார்க்க வேண்டும். ஆறு திறந்தால் மூன்று. நாலு திறந்தால் ஐந்து. சுலபமான கணக்கு அல்லவா?

அளவுத் தகட்டை நுழைத்துப் பார்த்தார். ஐந்தாவதில் அது நுழையவே இல்லை. லாக் நட்டைத் தளர்த்தி, திருப்புளியால் மயிரிழை திருப்பி, மறுபடி முடுக்கி, மறுபடி தகட்டை விட்டுப் பார்த்தார். நட்டை முடுக்கும்போது திருகும் கூடவே நகர்ந்துவிடுமாம். தகட்டை என் கையில் கொடுத்து இழுக்கச் சொன்னார். வாழைப்பட்டையில் நார் உரிக்கும்போது இருக்குமே, அந்த மாதிரி லேசான பிடிப்பு. "அதுதான் அளவு" என்றார்.

அன்று கார்த்திகை முதல் தேதி, முடவன் முழுக்கு. முன்னொரு காலத்தில் முடவன் ஒருவன் வெகு தூரத்திலிருந்து வந்து சேருவதற்குள் கடைமுகம் முடிந்துவிட்டதாம். அவன் வருந்தவே, சிவபெருமான் மறுநாள் ஸ்நானத்துக்கும் அதே பலனைக் கொடுத்தாராம்.

அத்தான் சாவியைத் திருப்பினார். தையல் மெஷின் மாதிரி ஒரே சீராக 'டிக் டிக்' என்று மெல்லிய சத்தம். அத்தை வாசலுக்கு வந்து நின்று கேட்டாள்.

"மாமா ஓட்டும்போது இந்தச் சத்தம்தான் கேட்கும். வண்டி திரும்பி வந்த அன்றைக்கும் கேட்டது, அப்புறம் காணோம். சொன்னால் சிரிப்பீர்களே என்று சொல்லாமல் இருந்துவிட்டேன்" என்றாள்.

மேஸ்திரி எங்களை ஒரு பார்வை பார்த்தார். அத்தை அதற்குள் முன் ஸீட்டில் ஏறி உட்கார்ந்தாயிற்று. துலாக் கட்டத்தில் காவிரி நிறைந்து போய்க்கொண்டிருந்தது.