டப்பா தேடும் கூட்டம்

சிறு வயதில் 'கிச்சுக்கிச்சுத் தாம்பாளம்' ஆடாதவர்கள் நம்மில் யார் இருக்கிறார்கள்? மணலை நீளமாகக் குவித்து, அதற்குள் ஒரு துண்டுக் குச்சியை அப்படியும் இப்படியும் நகர்த்தி ஒளித்து வைப்போம். எதிரில் இருப்பவள் இரண்டு கைகளையும் கோத்து, குச்சி இருக்கும் இடம் இதுதான் என்று பொத்திக் காட்ட வேண்டும். அகப்பட்டுவிட்டால் என்ன ஆனந்தம்! குச்சிக்கு விலை உண்டா? ஒன்றும் கிடையாது. அதே ஆட்டத்தைப் பேரன் பேத்தி எடுத்தவர்கள்கூட, ஊர் முழுவதையும் மணல்மேடாக வைத்துக்கொண்டு ஆடினால் எப்படியிருக்கும்? நான் இருக்கும் ஊரில் ஆடுகிறார்கள். 2011-லிருந்து நானும் ஆடிக்கொண்டிருக்கிறேன். இதற்குப் பெயர் ஜியோகேச்சிங்.

நாங்கள் இருப்பது அமெரிக்காவின் மேற்குக் கரையில், ஆரிகன் மாநிலத்தில், போர்ட்லண்டை ஒட்டிய பீவர்ட்டன் என்னும் ஊரில். இந்த விளையாட்டு பிறந்ததே இந்த மாநிலத்தில்தான். வானத்தில் சுற்றும் ஜி.பி.எஸ். செயற்கைக் கோள்களின் சமிக்ஞையை அமெரிக்க அரசு பொதுமக்களுக்கு வேண்டுமென்றே மழுக்கித்தான் கொடுத்து வந்ததாம். நூறு மீட்டர் வரை பிசகு வரும். 2000-ஆம் ஆண்டு மே 2-ஆம் தேதி அந்த மழுக்கலை நிறுத்தினார்கள். மறுநாளே டேவ் அல்மர் என்பவர், பீவர்கிரீக் என்ற ஊருக்கு அருகில் மரங்களுக்கு நடுவே ஒரு கறுப்பு வாளியை வைத்துவிட்டு, அந்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை ஊரறியச் சொல்லிவிட்டார். வாளிக்குள் ஒரு நோட்டு, பென்சில், சில வீடியோ நாடாக்கள், புத்தகங்கள், ஒரு உண்டிவில், ஒரு டப்பா பீன்ஸ். மூன்றே நாளில் இரண்டு பேர் கண்டுபிடித்துவிட்டார்கள். இப்போது உலகம் முழுக்க 30 லட்சத்துக்கும் மேல் ஒளித்து வைத்திருக்கிறார்கள். சென்னையிலும் உண்டு.

விதிகள் எளியவை. எண்களைக் கைப்பேசியில் போட்டுக்கொண்டு போய், டப்பாவைத் தேடி எடுத்து, உள்ளே இருக்கும் தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டு, எடுத்த இடத்திலேயே வைத்துவிட வேண்டும். உள்ளே ஏதாவது பொம்மையோ பாசிமணியோ இருந்தால், ஒன்றை எடுத்துக்கொண்டு வேறொன்றை வைக்கலாம். தின்பண்டம் மட்டும் கூடாது, விலங்குகள் வந்து டப்பாவைப் பிய்த்துவிடும். வழிப்போக்கர் யாரும் பார்த்துவிடக் கூடாது, அதுதான் வேடிக்கையே. சில டப்பா அஞ்சறைப் பெட்டி அளவு இருக்கும். சிலது சுண்டுவிரல் நகம் அளவுதான். காந்தத்தோடு இரும்புக் கம்பியில் ஒட்டிக்கொண்டிருப்பதைக் கண்டுபிடிப்பதற்குள் கண் பூத்துப் போகும்.

என் அம்மாவிடம் முதன்முதலாகத் தொலைபேசியில் இதைச் சொன்னபோது, "எதுக்குட்டி காட்டுக்குள்ள போயி பழைய டப்பாவத் தேடிக்கிட்டு அலையுத? வீட்ல இருக்க டப்பா பத்தாதா?" என்று கேட்டாள். கேட்க வேண்டிய கேள்விதான்.

2008-இல் இரண்டு குழந்தைகளோடு இங்கே வந்தேன். படிப்பு பள்ளியிறுதி வரை. என் விசாவில் வேலைக்குப் போகவும் அனுமதி இல்லை. அவர் காலையில் போனால் இரவுதான் திரும்புவார். அக்டோபரில் பிடிக்கும் மழை மே மாதம் வரை நச்சு நச்சென்று தூறிக்கொண்டே இருக்கும். ஜன்னல் வழியாகப் பார்த்தால் தெருவில் ஒரு மனிதத் தலை தெரியாது. இரண்டாவது பிரசவத்தின்போது எனக்குச் சர்க்கரை வந்து போயிருந்ததால், பிற்காலத்தில் திரும்பி வராமல் இருக்க தினமும் நடக்க வேண்டும் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். எங்கே நடப்பது? யாரோடு நடப்பது? காய்கறி வாங்கப் போகலாம், கோயிலுக்குப் போகலாம். ஒரு காரியமும் இல்லாமல் வீட்டை விட்டு இறங்கி நடக்க நம் கால்களுக்குப் பழக்கமில்லையே!

மூன்று வருஷம் இப்படியே ஓடியது. 2011 கோடை விடுமுறையில் என் மகனின் ஆசிரியைதான் இந்த விளையாட்டைச் சொல்லி அனுப்பினார். முதல் டப்பா வீட்டிலிருந்து அரை மைலில், ஒரு பூங்காவின் ஓரத்தில் விழுந்து கிடந்த மரத்தடியில் இருந்தது. உள்ளே இருந்த நோட்டில் எல்லோரும் தங்கள் விளையாட்டுப் பெயரை எழுதியிருந்தார்கள். இதில் சொந்தப் பெயரை யாரும் எழுதுவதில்லை. மகன் எங்களுக்கு 'இட்லிச் சட்டி' என்று பெயர் வைத்தான். ஆங்கிலத்தில் எழுத எனக்குக் கூச்சம். யார் பார்க்கப் போகிறார்கள் என்று தமிழிலேயே, "இட்லிச் சட்டி. வந்தோம், எடுத்தோம். நன்றி" என்று எழுதிவிட்டு வந்தேன். அடுத்த டப்பாவிலும் அப்படியே. ஒரு வருஷத்தில் இருநூறுக்கும் மேல் எழுதியிருப்பேன்.

இந்த ஆட்டக்காரர்கள் அவ்வப்போது ஒரு பூங்காவில் கூடுவார்கள். ஆளுக்கொரு பதார்த்தம் செய்துகொண்டு போக வேண்டும். நானும் எலுமிச்சைச் சாதம் கிளறிக்கொண்டு, பிள்ளைகளை முன்னால் விட்டு, பயந்துகொண்டேதான் போனேன். வருகைத் தாளில் வழக்கம்போலத் தமிழில் எழுதியதுதான் தாமதம், எழுபது வயது மதிக்கத்தக்க ஒரு அம்மாள் பின்னாலிருந்து, "அடேயப்பா, அந்தச் சுருள் எழுத்துக்காரி நீதானா!" என்று கத்திக்கொண்டு வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். அதற்குள் நாலைந்து பேர் கூடிவிட்டார்கள். டப்பாக்களில் என் எழுத்தைப் பார்த்துவிட்டு, இது என்ன மொழி, யார் இவர் என்று ஒரு வருஷமாகத் தங்களுக்குள் பேசிக்கொண்டிருந்திருக்கிறார்கள்! ஒருவர் ஜார்ஜியன் என்றாராம், ஒருவர் தாய்லாந்து என்றாராம். பந்தயம்கூடக் கட்டியிருக்கிறார்கள். ஒருவருக்கும் ஜெயம் இல்லை.

இந்த நாட்டில் வயதானவர்களையும் பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும். எனக்கு நாக்கு எழும்பவில்லை. 'பாட்டி' என்றே கூப்பிட்டேன். அர்த்தம் கேட்டுத் தெரிந்துகொண்டு, "இனி எனக்கு அதுதான் பெயர்" என்று சொல்லிவிட்டார். மற்றவர்கள் வாயில் அது 'பார்ட்டி' ஆகிவிட்டது. இன்றைக்கும் பார்ட்டி என்றுதான் கூப்பிடுகிறார்கள், அவரும் திரும்பிப் பார்க்கிறார்.

கூட்டத்தில் பஸ் ஓட்டுகிறவர் உண்டு, ஓய்வு பெற்ற செவிலி உண்டு, மாதக் கணக்கில் ஒரு வார்த்தை பேசாத ஒரு பையனும் உண்டு. உள்ளே குடைந்த பைன் மரக் காயில் சின்னக் குழாயைச் செருகி, தரையில் கிடக்கும் ஆயிரம் காய்களோடு போட்டுவிட்டு வந்து சிரிக்கிறவன் அவன்தான். எனக்கு அவர்களிடம் பிடித்தது எது தெரியுமா? 'உன் வீட்டுக்காரர் என்ன உத்தியோகம்?' என்று அவர்களில் ஒருவரும் என்னிடம் கேட்டதில்லை. நம்மவர் கூட்டம் என்றால் செருப்பைக் கழற்றுவதற்குள், "வீடு வாங்கியாச்சா?" என்று வந்துவிடும்! இவர்கள் கேட்டதெல்லாம், "அந்தப் பாலத்தடி டப்பா கிடைத்ததா? எப்படி எடுத்தாய்?" என்பதுதான். என் அரைகுறை ஆங்கிலம் இதற்குத் தாராளமாகப் போதுமாயிருந்தது. பேசிப் பேசி அதுவும் வளர்ந்துவிட்டது.

கைக்குழந்தையோடு வந்த ஒரு இளம் தாயையும் சொல்ல வேண்டும். பிரசவமாகி மூன்று மாதம், யாரோடும் பேச்சில்லை, எதற்கெடுத்தாலும் அழுகை. அந்தச் செவிலி அம்மாள் பக்குவமாகப் பேசி மருத்துவரிடம் அழைத்துப் போனார். இது சோம்பலும் அல்ல, திமிரும் அல்ல, பிள்ளை பெற்ற உடம்புக்கு வரும் நோய், குணப்படுத்தலாம் என்று சொல்லி வைத்தியம் நடந்தது. வாரம் இரண்டு நாள் தள்ளுவண்டியைத் தள்ளிக்கொண்டு அவளோடு நடப்பது என் முறை. சில நாள் டப்பாவே தேடாமல் வெறுமனே நடந்துவிட்டு வருவோம்.

காடென்றால் கஷ்டமும் இல்லாமலா? இங்கே 'பாய்சன் ஓக்' என்று ஒரு செடி. மூன்று மூன்று இலையாக இருக்கும். அதன் எண்ணெய் தோலில் பட்டால் பலருக்கும் தடித்துக் கொப்புளித்து வாரக்கணக்கில் அரிக்கும். நம் ஊர்ச் சேங்கொட்டை பட்டால் தோல் வெந்து போகுமே, அதே தாவரக் குடும்பம்தான். பட்ட உடனே சோப்புப் போட்டு நன்றாகக் கழுவ வேண்டும், உடுத்திய துணியையும் தனியாகத் துவைக்க வேண்டும். பிள்ளைகளுக்கு முழுக்கால் சட்டை போட்டு அனுப்புவது உத்தமம்.

செடியைவிட மனிதர்கள்தான் சில சமயம் அதிகம் குத்துவார்கள். ஒரு நாள் ஒரு பெரிய கடையின் கார் நிறுத்துமிடத்தில், விளக்குக் கம்பத்தின் அடியில் டப்பாவைத் தேடிக் குனிந்திருந்தேன். காவலாளி ஒருவர் வந்து, "இங்கே என்ன செய்கிறாய்? எந்த நாட்டுக்காரி?" என்று அதட்டினார். உடம்பெல்லாம் நடுங்கிவிட்டது. வீட்டுக்கு வந்து, இனி இந்த ஆட்டமே வேண்டாம் என்றேன். மறுநாள் காலை பாட்டி வாசலில் நிற்கிறார், கையில் சாலைப் பணியாளர் போடும் பளபளப்பு மஞ்சள் மேல்சட்டை இரண்டு, காகிதம் செருகும் அட்டை இரண்டு. "இதைப் போட்டுக்கொண்டு அட்டையைப் பார்த்து முகத்தைச் சுளித்துக்கொண்டு நில். ஒருத்தனும் கிட்டே வரமாட்டான்" என்றார். அதே கம்பத்துக்கு என்னை அழைத்துக்கொண்டு போனார். ஒருவர் எங்களிடம் வந்து, தண்ணீர்க் குழாயைச் சரி பண்ண வந்தீர்களா என்று விசாரித்துவிட்டுப் போனார்! அன்று சிரித்த சிரிப்பில் வயிறு வலித்துவிட்டது.

2019 இலையுதிர் காலத்தில் பாட்டிக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையும் காலும் விழுந்துவிட்டன. மறுவாழ்வு இல்லத்தில் சேர்த்த சில மாதங்களில் கொரோனா வந்து, பார்க்கப் போகவும் வழியில்லாமல் போயிற்று. எங்கள் கூட்டங்களும் நின்றுவிட்டன. தினமும் தொலைபேசியில் பேசுவோம். பேச்சு கொஞ்சம் கொஞ்சமாகத் திருந்தி வந்தது. இடது கையால் எழுதிப் பழகச் சொல்லியிருந்தார்கள். ஒரு நாள், "உன் எழுத்தைச் சொல்லிக் கொடு" என்றார். "எதற்குப் பாட்டி?" என்றேன். "என் எழுத்தை எழுதினால் எவ்வளவு கெட்டுப்போயிருக்கிறது என்று தெரிகிறது, அழுகை வருகிறது. உன் எழுத்து எனக்கு எந்தக் கையாலும் வராது. அதனால் பரவாயில்லை" என்றார். கொட்டை எழுத்தில் எழுதிப் படம் பிடித்து அனுப்பினேன்.

2021 கோடையில் சக்கர நாற்காலியோடு வெளியே வந்தார். எங்கள் ஆட்டத்தில் ஒவ்வொரு டப்பாவுக்கும், போகும் பாதையின் கடினத்தைக் காட்ட ஒன்றிலிருந்து ஐந்து நட்சத்திரம் வரை போடுவார்கள். ஒரு நட்சத்திரம் என்றால் சக்கர நாற்காலியில் போகலாம் என்று பொருள். ஒரு நட்சத்திர டப்பா மூன்றுக்கு அவரைத் தள்ளிக்கொண்டு போனேன். ஒன்றில் வழியெல்லாம் ஜல்லி, சக்கரம் புதைந்துவிட்டது. ஒன்றில் நடைபாதை ஓரத்துக் கல் அரையடி உயரம். மூன்றாவது, கிட்டே போய்விட்டோம், டப்பா மரத்தில் என் தலை உயரத்தில் இருந்தது. நான் எடுத்துக் கொடுக்கப் போனேன். வேண்டாம் என்று தலையசைத்துவிட்டார். "ஒரு நட்சத்திரம் போட்டவன் ஒரு நாளாவது இந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறானா?" என்றார். வீடு வரும் வரை பேசவில்லை. பாட்டி கோபப்பட்டு நான் பார்த்தது அன்றுதான்.

நான் இதைக் கூட்டத்தாரிடம் சொன்னேன். யாரும் ஐயோ பாவம் என்று உச்சுக் கொட்டவில்லை. அந்தப் பேசாத பையன் எங்கிருந்தோ ஒரு பழைய சக்கர நாற்காலியைக் கொண்டுவந்தான். அடுத்த இரண்டு மாதம், வாரக் கடைசிகளில், தாங்கள் ஒளித்து வைத்த டப்பாக்களுக்கு அவரவரே அந்த நாற்காலியில் உட்கார்ந்து, எழுந்திருக்காமல் போய்ப் பார்த்தார்கள். பஸ் ஓட்டுகிறவர் ஒரு சின்னச் சரிவில் ஏற முடியாமல் வியர்த்து விறுவிறுத்துப் போனார். எட்டாத டப்பாக்களைக் கீழே இறக்கினார்கள். வழி சரியில்லாதவற்றுக்கு நட்சத்திரத்தைக் கூட்டி எழுதினார்கள். தள்ளுவண்டித் தாய்மாருக்கும் இதனால் சௌகரியமாயிற்று.

பாங்க்ஸ் என்ற ஊரிலிருந்து வெர்னோனியா வரை, பழைய ரயில் தடத்தை எடுத்துவிட்டு 21 மைல் நீளத்துக்குத் தார் பாதை போட்டிருக்கிறார்கள். இருபுறமும் நெடுநெடுவென்று மரங்கள், நடுவில் ஒரு பழைய மரப்பாலம். அந்த வழியில் பையன் அனுமதி வாங்கி ஒரு டப்பா வைத்தான். குருவிக் கூடு மாதிரி மரத்தால் செய்தது, நாற்காலியில் இருப்பவர் கைக்கு எட்டும் உயரம், இடது கை ஒன்றாலேயே திறக்கும்படி மூடி. நாங்கள் எல்லோரும் இருபதடி தள்ளி நின்றுகொண்டோம். யாரும் கிட்டே போகக் கூடாது என்பது பையனின் உத்தரவு. பாட்டி பத்து நிமிஷம் முன்னும் பின்னும் உருட்டித் தேடினார். பிறகு மூடி திறக்கும் சத்தம் கேட்டது.

தாளை மடியில் வைத்துக்கொண்டு நிதானமாக எழுதினார். நான் போய்ப் பார்த்தேன். தமிழில் அவர் பெயர்! ஆனால் 'ட'வுக்குப் புள்ளி வைக்கவில்லை. 'பாடடி' என்று இருந்தது. அர்த்தத்தைச் சொன்னதும், "நான் பாடினால் மரமெல்லாம் விழுந்துவிடும்" என்று குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். புள்ளி வைக்கட்டுமா என்றேன். அப்படியே இருக்கட்டும் என்றுவிட்டார். போன மாதம் அந்த டப்பாவைத் திறந்து பார்த்தபோது, அவருக்குக் கீழே கையெழுத்துப் போட்டிருந்த இரண்டு மூன்று பேர், அதுதான் இங்கே வழக்கம்போலிருக்கிறது என்று நினைத்து, தங்கள் பெயருக்குப் பக்கத்தில் அதையும் பார்த்துப் பார்த்து வரைந்து வைத்திருந்தார்கள்.