மனிதர் இல்லாத காசி

காவேரிப்பட்டினம் என்றதும் தமிழ் படித்தவர்கள் பூம்புகாரை நினைத்துக்கொள்வார்கள். எங்களுடையது கிருஷ்ணகிரிக்குத் தெற்கே, தென்பெண்ணைக் கரையில் இருக்கும் ஊர். மாம்பழத்துக்குப் பெயர் பெற்றது. காப்பியப் பெருமை ஏதும் கிடையாது.

அம்மா இறந்தது ஒரு கோடையில். ஆற்றில் நீர் இல்லை. மணலில் குழி தோண்டி, ஊறிவந்த கலங்கல் நீரில் அஸ்தியைக் கரைத்தோம். பின்னர் அம்மாவைப் பற்றி எழுத முயன்றபோதெல்லாம் அது இரங்கல் உரையாகவே முடிந்தது. உடன் நின்றவர்களின் முகங்கள்கூட நினைவில் இல்லை. மணலின் ஈரக்கோடும் எதிர்க்கரைப் பாறையின் கருமையும் மட்டுமே தங்கியிருந்தன.

அந்நாட்களில்தான் நண்பர் ஒருவர் கொடுத்த நூலில் ராம்குமாரின் காசி ஓவியங்களைப் பார்த்தேன். ராம்குமார் (1924–2018) சிம்லாவில் பிறந்தவர். இந்தி எழுத்தாளர் நிர்மல் வர்மாவின் அண்ணன். தாமும் சிறுகதைகள் எழுதியவர். பாரீசில் ஓவியம் பயின்று திரும்பி, 1950களில் நகரத்தின் சோர்ந்த மனிதர்களை வரைந்தார். 1960இல் உசேனுடன் காசிக்குச் சென்றார். அதன்பின் அவருடைய திரைச்சீலையிலிருந்து மனிதர்கள் வெளியேறிவிட்டார்கள். கூட்டம் ஓயாத காசியில் ஒருவர்கூட இல்லை! படித்துறையும் வீடுகளும் கங்கையும் சாம்பல், பழுப்பு, கறுப்புத் திட்டுகளாகச் சரிந்து கிடக்கின்றன. ஆனால் துயரம் மட்டும் அங்கேயே இருக்கிறது.

இதை ஆன்மிகம் என்பார்கள். அச்சொல்லை எடுத்தாள எனக்குத் தயக்கம் உண்டு. எனினும் அந்தச் சாம்பல் நிறத்தின் முன் அழுகை வந்தது. இரங்கல் உரை எழுதியபோது வராத அழுகை.

இருபது ஆண்டுகளாக முதல், கரு, உரி என்று கரும்பலகையில் கட்டம் போட்டு நடத்தி வருகிறேன். நிலத்தைச் சொல்லி மனத்தைச் சொல்வது நம் அகமரபு. அதில் தலைவன் தலைவிக்குப் பெயர் சூட்டுவதில்லை. யாருடைய துயரமாகவும் அது இருக்கலாம். ராம்குமார் இன்னும் ஓரடி சென்று முகத்தையும் எடுத்துவிட்டார் என்று எனக்குத் தோன்றுகிறது. முல்லையும் குறிஞ்சியும் வறண்டு பாலையாகும் என்ற இளங்கோவடிகளின் கருத்தை, அந்த மணற்குழியை நினைக்காமல் இப்போது என்னால் நடத்த முடிவதில்லை.

சென்ற பருவத்தில் கட்டம் போடாமல், அந்த ஓவியங்களில் ஒன்றைக் காட்டிப் பாலைத்திணையைத் தொடங்கினேன். வகுப்பு சற்றுநேரம் அமைதியாக இருந்தது. பின்வரிசை மாணவன் ஒருவன் எழுந்து, "ஐயா, இது தேர்வுக்கு வருமா?" என்றான்.

கட்டத்தையும் போட்டேன்.